மலையுருளித் தேர்வியல்

மாணாக்க, அமர்க. பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட அகவையினர்க்குப் பன்னிலத்தும் செல்லவல்ல மலைமிதிவண்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை இந்நூல் கூறும். அவ்வண்டி இனி மலையுருளி எனப்படும்; அதன்மேல் ஏறுவோர் பதின்மர் எனப்படுவர். பெயர்கள் நூல்வழக்கு, கடைவழக்கு என இருவகைப்படும். கடைவழக்கை ஒருமுறையே சுட்டுவோம், மறவாது குறித்துக்கொள்க.

பாயிரம்

நூலின் முகப்பில் உரைக்க வேண்டுவன எட்டு. ஆக்கியோன் பெயர் அடக்கம் கருதி விடப்பட்டது. நூற்பெயர் மேலே காண்க. யாப்பு உரைநடை. நுதலிய பொருள் சொல்லப்பட்டது. கேட்போர், கடைவாயிலில் நின்று கைபேசியைத் தடவும் தந்தையர், தாயர், தாய்மாமர். பயன், வாங்கிய ஆறு திங்களில் வண்டி மாடிப்படியின் அடியில் துணி உலர்த்தப் பயன்படாமை. எல்லை, வடக்கே வீட்டு வாயில், கிழக்கே பள்ளி, மேற்கே ஊர்ப்புறக் குன்று, தெற்கே தனிப்பயிற்சிக் கூடம். எட்டாவதாகிய வழி விரித்துரைக்கத் தக்கது.

கலிபோர்னியாவின் மாரின் பகுதியிலுள்ள தமல்பையசு மலையிலும் அதன் அருகிலும், 1970களில், இளைஞர் சிலர் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட அகன்ற உருளிப்பட்டை வண்டிகளைத் தேடிப்பிடித்து மண்தடத்தில் இறங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று முதற் போட்டி நிகழ்ந்தது. தடத்தின் நீளம் ஏறத்தாழ 2 மைல்; இறக்கம் ஏறத்தாழ 1,300 அடி. பின்னுருளியின் குடத்துள் இருந்த நிறுத்தி காய்ந்து, மசகு புகைந்து தீர்ந்தது. இறங்குந்தோறும் புது மசகு அடைக்க வேண்டியிருந்தமையின் அத்தடம் ‘இரீபேக்கு’, அஃதாவது மீளடைப்பு, எனப் பெயர்பெற்றது. 1977இல் சோ பிரீசு என்பார் மலைக்கென்றே புதுச் சட்டகம் செய்தார். 1979இல் கேரி பிசரும் சார்லி கெல்லியும், தாம் இரிட்சே என்பார் செய்தளித்த சட்டகங்களைக் கொண்டு வண்டி விற்கத் தொடங்கினர். 1981இல் ‘இசுடம்ப்சம்பர்’ எனும் வண்டி ஆலையினின்றும் தொகையாக வெளிவந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலையுருளி ஓட்டம் இடம்பெற்றது. இவற்றால் மாணாக்கன் கொள்ளவேண்டுவது ஒன்று: இவ்வண்டியின் முதல் இயல்பு இறங்குதல், ஏறுதல் பின்னர்ச் சேர்ந்தது, பள்ளிக்குச் செல்லுதல் அதனினும் பின்னர்ச் சேர்ந்தது.

பதினொன்றாம் வகுப்பில் தமிழ்நாட்டு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி, தேர்வுக்கு இடமின்மையின், தேர்வியலுள் அடங்காது.

முதற்கூறு: பதின்மரியல்

வண்டியை வகுக்குமுன் ஏறுவோரை வகுக்க. பதின்மர் வளர்ச்சியான் மூவகையர், வேட்கையான் நால்வகையர், ஆகப் பன்னிருவர்.

வளர்ச்சி, வினைச்சொற்கு உரிய மூன்று காலத்தையும் தழுவும்.

1. வளர்வார். இனி நெடுக இருப்போர். இவர்க்கு இன்றைய அளவும் நாளைய அளவும் ஒன்றையொன்று மறுக்கும்.

2. வளர்கின்றார். நெடுகிக்கொண்டிருப்போர். பெண்மக்கள் இந்நிலையை ஆண்மக்களினும் ஏறத்தாழ ஈராண்டு முன்னதாக எய்துவர். இந்நிலையில் முதலில் நீள்வது கால். உடல் பின்னரே நீளும். சட்டைக்கு முன் காற்சட்டை குட்டையாவது இதனாலாம். ஆகலின் இவர்க்கு இருக்கைத்தண்டு நெடிதாக வேண்டும். கைப்பிடி அருகே இருக்க வேண்டும்.

3. வளர்ந்தார். முடிந்தோர். இவரை அளப்பது எளிது. இவர்க்குச் சொல்வது அரிது.

வேட்கை நான்கு.

1. மலைவேட்கையர். மலையைக் கண்டோர், மலையைக் கைபேசியிற் கண்டோர் என இவர் இருபாலர். பின்னவரே மிகப் பலர். இவர் வேண்டுவது படிக்கட்டினின்று தாவும் வண்டி. இவர்க்கு வாய்ப்பது கடைத்தெருவின் விரைவுத்தடை.

2. ஊர்வேட்கையர். பள்ளி, திடல், தனிப்பயிற்சி எனச் சுழல்வோர்.

3. தோழமை வேட்கையர். தோழனிடம் எது உளதோ அதுவே வேண்டும் என்போர். இவர்பொருட்டு இந்நூலை விடுத்துத் தோழனைக் காண்க.

4. நிறவேட்கையர். கறுப்பு என்போர், பளபளப்பில்லாக் கறுப்பு என்போர் இவருள் முதிர்ந்தோர்.

வேட்கையை வாய்மொழியான் அறிதல் அரிது. பழைய வண்டியின் உருளிப்பட்டையைச் சுழற்றிக் காண்க. நடுவரை மட்டும் தேய்ந்திருப்பின் ஊர்வேட்கையர். ஓரக்குமிழ்களும் தேய்ந்திருப்பின் மலைவேட்கையர். தேய்வே இன்றிப் புழுதி படிந்திருப்பின் நிறவேட்கையர். அவர் நிறம் மாறிவிட்டது என்பது குறிப்பு. பின்பட்டையில் ஓரிடம் மட்டும் வழுக்கையாயிருப்பின், அவர் நிறுத்தியை இழுத்துப் பின்புறத்தைத் தெருவெல்லாம் ஈர்த்துச் செல்வோர். இவரைப் பன்னிருவருள் அடக்காது பதின்மூன்றாமவராகத் தனியே வைக்க.

இரண்டாங்கூறு: நிலவியல்

‘பன்னிலத்தும்’ என்றமையான் எந்நிலம் என வினவுதல் முறை. நிலம் ஐந்து, தார் ஆறாவது.

1. குறிஞ்சி. கோத்தகிரி போல்வது. கல்லும் வேரும் சரிவும் இதன் கருப்பொருள். உரிப்பொருள் இறங்குதலும், இறங்குதற்பொருட்டு வண்டியை உருட்டிக்கொண்டு ஏறுதலும். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவும் வால்பாறை வழியின் 40 வளைவும் தாரிட்டவை ஆதலின் அவை திணைமயக்கம்.

2. முல்லை. செம்மண் காட்டுவழி. மலையுருளிக்கு மிக உகந்தது. உரிப்பொருள் இருத்தல், விளக்கேற்றும் பொழுதாகியும் மகன் திரும்பாமையின் தாய் வாயிலில் இருத்தல்.

3. மருதம். வரப்பும் களியும். பட்டையின் குமிழ்கள் நெருங்கியிருப்பின் களி இடையே அடைத்து உருளி சுழலாது. மிக விலகியிருப்பின் களி உதிரும், ஆயின் தாரில் முரலும். உரிப்பொருள் ஊடல், அது வண்டியைக் கழுவுவோர் யாவர் என்பது பற்றி எழும்.

4. நெய்தல். மணலும் உப்புக்காற்றும். மணலுக்கு அகன்ற பட்டையும் குறைந்த காற்றும் வேண்டும். உப்புக்கு வேண்டுவது ஒன்றே: வீடு திரும்பியதும் நன்னீரால் துடைத்துத் தொடரிக்கு எண்ணெய் இடுதல். இடாவழி உரிப்பொருள் இரங்கல்.

5. பாலை. இராமநாதபுரத்துச் சீமைக்கருவேல முள் நிறைந்த வறுநிலம். உரிப்பொருள் பிரிவு, காற்று குழாயினின்றும் பிரிதல். முள் தைத்தவுடன் உறைந்து துளையடைக்கும் அடைபாலை முன்னரே குழாயுள் ஊற்றிவைத்தல் இதற்கு மருந்து.

6. தார். மேற்கூறிய ஐந்திற்கும் செல்லும் வழியும் அவற்றினின்று மீளும் வழியும் இதுவே. பதின்மர் ஏறியிருக்கும் பொழுதில் பெரும்பகுதி இதன்கண் கழியும். உரிப்பொருள் பச்சை விளக்குக்குக் காத்திருத்தல். ஆகலின் தாரைப் பழித்து வண்டி தேர்வோர் தம் மகனின் பெரும்பொழுதைப் பழிப்போர் ஆவர்.

மூன்றாங்கூறு: உறுப்பியல்

உறுப்பு பல. தேர்வுக்கு உரியன ஆறு.

முதலாவது, சட்டகம். அதிர்வை உண்ணும் முறையான் இது மூவகைப்படும். அதிர்வுண்ணியைக் கடையோர் சசுபென்சன் என்பர்.

அ) உண்ணாமை. முன்னும் பின்னும் அதிர்வுண்ணி இல்லாதது. எடை குறைவு, பழுது குறைவு, மதிப்பும் குறைவு. மூன்றாவது குறைவை நிறவேட்கையர் பொறார்.

ஆ) முன்னுண்ணல். முற்கவையில் மட்டும் அதிர்வுண்ணி உடையது. நூல்வழக்கு வன்வாலி, கடைவழக்கு ஆர்ட்டெயில்.

இ) ஈருண்ணல். பின்னும் அதிர்வுண்ணி உடையது. நன்முறையிற் செய்யப்பட்டது விலை மிகும். விலை மிகாதது நன்முறையிற் செய்யப்படாதது. குறைந்த விலையது மிதிக்குந்தோறும் அமிழ்ந்து எழுந்து, காலின் ஆற்றலைப் பின்சுருள் தின்னும். சில திங்களில் மூட்டுகள் ஆடும். காண்போர் வியப்பர், ஏறுவோர் வியர்ப்பர்.

பன்னிலத்திற்கு உரியது வன்வாலி.

இரண்டாவது, முற்கவை. இது உள்ளிருக்கும் பொருளான் சுருளுண்ணி, காற்றுண்ணி என இரண்டாம். சுருளுண்ணியின் கம்பிச்சுருள் பெரும்பாலும் வளர்ந்தார் எடைக்கு அமைந்தது. 45 கிலோ எடையுள்ள பதின்மன் ஏறின் அது அசையாது நிற்கும். மேலுள்ள குமிழைத் திருகினும் சுருளின் விறைப்பு மாறாது. திருகியோன் உள்ளமே ஆறும். காற்றுண்ணியோ சிறு காற்றடிப்பியால் எடைக்கேற்ப மாற்றத்தக்கது. 45 கிலோ 60 கிலோ ஆகும்போது கவையை மாற்ற வேண்டா. காற்றை மாற்றினால் அமையும். வளர்கின்றார்க்கு இதனினும் ஏற்ற உறுப்பு வேறில்லை. அசைவெல்லை 100 முதல் 120 மில்லிமீட்டர் போதும். அசையாது ஏறி அமர்ந்த அளவில், அவ்வெல்லையுள் ஐந்திலொன்று முதல் நான்கிலொன்று வரை அமிழ்தல் முறை. 200 மில்லிமீட்டர் என்பது செங்குத்து இறக்கப் போட்டியாளர்க்கு உரியது. தனிப்பயிற்சிக் கூடத்தின் வழியில் அத்துணை இறக்கம் இல்லை.

மூன்றாவது, உருளி. கடையோர் இதனை 24, 26, 27.5, 29 என விரலக் கணக்கில் அழைப்பர்; அங்குலத்தை நூல்வழக்கில் விரலம் என்க. இவ்வெண்கள் ஏமாற்றுவன. பட்டை பொருந்தும் இருப்பின் விட்டமே மெய்யளவு. அவை முறையே 507, 559, 584, 622 மில்லிமீட்டர். 26க்கும் 27.5க்கும் இடைவெளி ஒன்றரை விரலம் போல் ஒலிப்பினும் மெய்யாக 25 மில்லிமீட்டரே, அஃதாவது ஒரு விரலம். 29 எனப் பெருமை பேசப்படும் உருளியின் 622, சாலைவண்டிக்கு உரிய அளவே. பாட்டன்மார் நெற்குவையேற்றிய 28 × 1½ வண்டியின் மெய்யளவோ 635. ஆகலின் ‘பெரிய உருளி புதிய கண்டுபிடிப்பு’ என்னும் விற்போனிடம் 635 எனக் கூறி அமைதி காக்க. உயரம் ஏறத்தாழ 150 செ.மீ. உடையோர்க்கு 26 அல்லது 27.5 ஏற்கும், 165 செ.மீ. கடந்தோர்க்கு 29 ஏற்கும். இடைப்பட்டோர் இரண்டிலும் ஏறிப்பார்த்து முடிவு செய்க. பட்டையின் அகலம் ஏறத்தாழ 2.2 விரலம் இருக்க. நடுவே தாழ்ந்து நெருங்கிய குமிழும் ஓரத்தில் உயர்ந்த குமிழும் உடையது ஆறு நிலத்திற்கும் பொது.

இதனொடு சேர்த்து ஊதுவாயையும் காண்க. அது வன்வாய், மென்வாய், இடைவாய் என மூவகை. மகிழுந்துக்கும் பொதுவாயது வன்வாய். ஒல்லியாய் நுனியில் திருகுடையது மென்வாய். பழைய ஊர்வண்டியில் உள்ளது இடைவாய். வன்வாயே கொள்க, பெட்ரோல் நிலையத்தார் காற்றுக்குழல் அதற்கே பொருந்தும். மண்ணிலே செல்லுங்கால் ஒரு சதுர விரலப் பரப்புக்கு 25 முதல் 30 பவுண்டு அழுத்தம் பதின்மர்க்குப் போதும். விரலுக்கு அசையாத அளவு அடித்துத் தருவதே அறம் எனக் காற்றடிப்போர் கருதுவர். அவ்வறத்தை நன்றியுடன் ஏற்று, வளைவு கடந்தபின் சிறிது திறந்துவிடுக.

நான்காவது, பல்லிணை. கடையோர் கியர் என்பர். முன்னே மூன்று பல்லுருளியும் பின்னே ஏழும் உடையது 21 எனப் பறையறையப்படும். மாணாக்க, எண்ணிக்கையை விடுக, ஈவைக் கணிக்க. முன்பல்லைப் பின்பல்லால் வகுப்பது சுழலீவு. முன்னே 42, 34, 24 பல்லும், பின்னே 14 முதல் 28 பல்லும் உடைய 21இல், மிக விரைவான ஈவு 3.0, மிக எளிதான ஈவு 0.86. முன்னே 32 பல்லுடைய ஒன்றே ஒன்றும், பின்னே 11 முதல் 46 வரையான பத்தும் உடையதில் விரைவீவு 2.9; எளிதீவு 0.7. பத்து, இருபத்தொன்றைக் காட்டிலும் செங்குத்தாக ஏறும் என்பது இதனால் போதரும். எஞ்சிய பதினொன்று எங்கே போயின எனின், அவற்றுட் பல ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. சில தொடரியைக் கோணலாக்கித் தேய்ப்பவை. முன்மாற்றி இன்மையின் பழுதுக்குரிய இடமும் ஒன்று குறையும். பொருள் குறைவெனின் ஒன்பதும் தகும்.

ஐந்தாவது, நிறுத்தி. கடையோர் பிரேக்கு என்பர். விளிம்புநிறுத்தி, இழைவட்டு நிறுத்தி, நீர்மவட்டு நிறுத்தி என மூன்று. விளிம்புநிறுத்தி மருதத்துச் சேற்றில் நிறுத்துவதை நிறுத்தும். இழைவட்டு நிறுத்தி கம்பியிழையால் இழுக்கப்படுவது. கட்டை தேயுந்தோறும் கையால் முடுக்க வேண்டுவது. முடுக்கும் பொறுப்பு பதின்மர்க்கு உரியது என வீட்டார் கருதுவதால் முடுக்கப்படாதது. நீர்மவட்டு நிறுத்தி தன் தேய்வைத் தானே ஈடுசெய்யும். ஒரு விரலுக்கு அடங்கும். நீண்ட இறக்கத்தில் சிறு கை ஓயாது. சிமானோ நிறுத்தி உண்பது கனிம எண்ணெய். வேறு சில உண்பது ‘டாட்’ எனும் நீர்மம். ஒன்றன் உணவை மற்றொன்றுக்கு ஊட்டின் உள்ளடைப்புகள் கெடும். பிடியின் எட்டத்தைத் திருகால் குறைக்க இயலுமா என்பதையும் காண்க. பதின்மர் விரல் வளர்ந்தார் விரலன்று.

ஆறாவது, திருகுதுளை. நீர்க்குப்பி, பின்தாங்கி, சேற்றுமறைப்பு ஆகியன பூட்டுதற்குச் சட்டகத்தில் அமைந்த துளை. இதனை எவரும் கேளார். பாடநூல் சுமக்கும் நாளில் எல்லாரும் கேட்பர்.

இருக்கை, கைப்பிடியுறை, மணி ஆகியன பின்னர் மாற்றத்தக்கன ஆதலின் விடப்பட்டன.

நான்காங்கூறு: அளவியல்

அளவு மூன்று.

1. கவட்டிடைவெளி. இரு காலும் தரையூன்றிச் சட்டகத்தின் நடுவே நிற்கும்போது, மேற்றண்டுக்கும் கவட்டிற்கும் இடைப்பட்ட வெளி. 5 செ.மீட்டருக்குக் குறையின் வண்டியை விடுக. இவ்வெளியின் தேவையைப் பதின்மர் ஒருமுறை தாமே உணர்வர். அவ்வொருமுறையைத் தவிர்த்தலே பெற்றோர் கடன்.

2. எட்டளவு. மிதிமேல் எழுந்து நின்று கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சிறிது மடிந்திருத்தல் வேண்டும். நீண்டு விறைத்திருப்பின் சட்டகம் பெரிது.

3. இருக்கையுயரம். மிதி தாழ்ந்த நிலையில் முழங்கால் சிறிதே மடிந்திருத்தல் வேண்டும். இருக்கைத்தண்டில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் தண்டை உயர்த்தற்க. வளர்வார்க்கு வாங்கும்போது இன்றைய உயரத்திற்கும் அக்கோட்டிற்கும் இடையே ஒரு சாண் எஞ்சுமாயின் அவ்வெஞ்சலே வண்டியின் வாழ்நாள்.

‘வளர்ந்துவிடுவான், பெரியதாக எடுப்போம்’ என்பது தந்தையர் கோட்பாடு. பள்ளிச்சீருடைக்கு அது பொருந்தும். அதன் ஓரத்தை மடித்துத் தைக்கலாம். சட்டகத்தை மடித்துத் தைத்தல் இயலாது.

ஐந்தாங்கூறு: குற்றவியல்

வாங்குவோர்க்கு வரும் குற்றம் ஆறு.

1. எண்மயக்கம்: பல்லிணையின் எண்ணை விரைவென மயங்குதல்.
2. சுருள்மயக்கம்: பின்சுருள் கண்டு மலையென மயங்குதல்.
3. வட்டுமயக்கம்: வட்டு உளதாகலின் நிறுத்தும் என மயங்குதல்.
4. எடைமறதி: 15 கிலோ வண்டி 45 கிலோ பதின்மனின் மூன்றிலொன்று என்பதை மறத்தல். மறவாமைக்கு, கடைப்படியில் ஒருமுறை அவனையே தூக்கச் சொல்க.
5. தன்னேற்றம்: தந்தை தாமே ஏறிப்பார்த்து ‘நன்று’ எனல்.
6. ஏறாமை: எவரும் ஏறிப்பாராது கைபேசியில் வரவழைத்தல்.

இவற்றுள் ஐந்தாவது மட்டும் பொறுக்கப்படும். அவர்க்கும் ஒருகால் பதின்அகவை இருந்தது.

பொருள் குறைவுபடின் எவ்வுறுப்பை விட்டுக்கொடுப்பது எனின், முறை இது: முதலில் நிறம், அடுத்துப் பல்லிணையின் எண்ணிக்கை, அடுத்து அதிர்வுண்ணி. சுருளுண்ணி கொள்வதினும் அதிர்வுண்ணியே இல்லாமை மேல். நிறுத்தியையும் அளவையும் எந்நிலையினும் விட்டுக்கொடுக்கற்க.

ஆறாங்கூறு: முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுப்பின், பன்னில மலையுருளியாவது: வன்வாலியாய், 100 முதல் 120 மில்லிமீட்டர் காற்றுண்ணி உடைத்தாய், முன் ஒன்றும் பின் ஒன்பதோ பத்தோ பல்லிணை பெற்று, நீர்மவட்டு நிறுத்தி அமைந்து, 2.2 விரலப் பட்டை பூண்டு, வன்வாய் கொண்டு, திருகுதுளை நிறைந்து, ஏறுவோரின் இன்றைய காலுக்குப் பொருந்தி நாளைய காலுக்கு ஒரு சாண் விட்டு நிற்பது.

பன்னிலமை என்பதன் வரையறை யாது எனின், எந்நிலத்தும் முதலாவதாகாமையும், எந்நிலத்தினின்றும் உருட்டி வரப்படாமையும் ஆம். குறிஞ்சியில் இதனை ஈருண்ணல் வெல்லும். தாரில் சாலைவண்டி வெல்லும். வெல்லும் வண்டி நிலத்திற்கு ஒன்றாக ஆறு வேண்டும். ஆறையும் நிறுத்த வீட்டில் இடமில்லை.

புறனடை

இங்குக் கூறாத வண்டி எதிர்ப்படின், கூறியவற்றுள் ஒன்றன்பாற் படுத்து உணர்க. மின்கலத்தான் இயங்குவது தன்னியக்கவியலுக்கு உரியது. வண்டிகள் வந்த வழியான் முதல்வண்டி, வழிவண்டி, சார்புவண்டி என மூவகைப்படும்: கடையினின்று வந்தது முதல்வண்டி, அண்ணன் அக்கையரிடமிருந்து இறங்கியது வழிவண்டி, தோழனிடம் இரந்து பெற்று அவன் கேட்கும்வரை ஓட்டுவது சார்புவண்டி. இந்நூல் முதல்வண்டியை மட்டுமே நுதலிற்று. ஏனைய இரண்டும் இரண்டாந் தொகுதியுள் விரிக்கப்படும். அது வெளிவரும்வரை, இருக்கைத்தண்டு கோட்டைத் தொட்டுவிட்டது என்பது பற்றி எவரும் தம் வண்டியை விற்றுவிடற்க. அத்தொகுதியின் எடுத்துக்காட்டுகளுக்கு அது வேண்டும்.